காலாவதிப் பெட்டி

டீச்சரின் முகத்தை முதலில் பார்த்தது அவளுடைய அக்காதான்.

ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, முகத்தில் பூசியிருந்த களிம்பைத் துடைக்க ஈரப் பஞ்சுடன் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் வரை சிவந்து வீங்கியிருந்தாலும் ஒழுங்காக ஆறிக்கொண்டிருந்த தோல் அது. இப்போது நெற்றியிலிருந்து தாடை வரை சின்னச் சின்னப் புண்கள். ஒவ்வொன்றும் ஊசி முனையால் தோண்டி எடுத்தது போல வட்டமாக, ஒரே அளவில் இருந்தது. இடையிடையே நீர் கோத்த கொப்புளங்கள். வலது கண்ணின் இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்னக்கா, ஏன் நிறுத்திட்டே?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணுமில்லடா. போனை எடுத்துட்டு வரேன்."

அக்கா உடனே தோல் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அதில் அவள் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை என்பதைப் பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. முகம் இனி எப்படி ஆறும் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

அக்காவின் கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். டீச்சரும் அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். தோல் மருத்துவமனை நர்ஸின் உதட்டில் கொப்புளம் இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், அவள் கட்டுப் பிரித்த கையோடுதான் நோய் வந்ததாகவும் எழுதியிருந்தார். நர்ஸ் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாள். கைது செய்வதற்கு முன் மருந்துகளைப் பற்றி ஓர் அறிக்கை தேவைப்பட்டது. அதற்காக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர் வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. அவருக்குத் துணையாக நிலையத்திலிருந்து ஓர் ஏட்டு. அவர் இருவருக்கும் சேர்த்துப் பேசினார்.

அறிக்கை அன்று மாலைக்குள் போக வேண்டும்.

காலை. தோல் மருத்துவமனை.

டாக்டரின் மேசையில் டீச்சரின் பழைய படங்கள் இருந்தன. பருக்கள் விட்டுப்போன ஆழமான குழிகள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் "கொத்தின அம்மி". அந்தக் குழிகளைச் சமன்படுத்தத்தான் அவள் லேசர் சிகிச்சைக்கு வந்தாள்.

"உதட்டுக் கொப்புளம் வர்ற ஹெர்பிஸ் இருக்கறவங்களுக்கு லேசர் பண்ணலாமா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"தாராளமா. ஆனா கேட்டுட்டுப் பண்ணணும்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். அடிக்கடி உதட்டுல கொப்புளம் வரும்னு அவங்களே சொன்னாங்க. முதல் தடவை வந்தப்ப கொப்புளம் இருந்துச்சு. ஆறட்டும்னு திருப்பி அனுப்பிட்டேன்."

டாக்டர் விளக்கினார். அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லை. நரம்பின் அடியில் போய்த் தூங்கும். லேசர் மேல்தோலைச் சுட்டு எடுக்கும்போது விழித்துக்கொள்ளும். சாதாரண நாளில் உதட்டோரம் ஒரு கொப்புளத்தோடு போய்விடுவது, தோல் இல்லாத முகம் கிடைத்தால் முழுக்கப் பரவிவிடும். அதனால் முந்தின நாளே கிருமியை அடக்கும் மாத்திரையைத் தொடங்கி, புதுத்தோல் மூடும்வரை விடாமல் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது.

"மாத்திரை எழுதிக் குடுத்தப்ப என்ன சொன்னீங்க?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "பயந்த சுபாவம் அவங்களுக்கு. பயப்படாதீங்க, சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்னு சொன்னேன்."

"அப்ப கூட யார் இருந்தாங்க?"

"அவங்க அக்கா."

நர்ஸ் பின்பக்க அறையில், தன் பொருள்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் காய்ந்த தழும்பு இன்னும் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் தன் மகனைத் தள்ளி நிற்கச் சொன்னதையும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதையும் அவள் அழாமல் சொன்னாள்.

"அவங்களுக்குக் கட்டுப் பிரிச்சீங்களா?"

"இல்லைங்க. உதட்டுல வந்துச்சுன்னா எங்களை அந்த ரூம் பக்கமே விட மாட்டாங்க. அந்த வாரம் முழுக்க எனக்குப் போன் வேலைதான்."

"போன்ல என்ன கேப்பீங்க?"

"வலி இருக்கா, மாத்திரை தவறாம போடறீங்களா, தண்ணி குடிக்கிறீங்களான்னு தினமும் கேப்பேன். எல்லாத்துக்கும் ஆமான்னாங்க. யூரின் மட்டும் ரொம்ப மஞ்சளா போகுதுன்னாங்க. இன்னும் நிறைய தண்ணி குடிங்கன்னேன். வேற எதுவும் சொல்லலை."

வெளியே வந்ததும் ஏட்டு பெருமூச்சு விட்டார். "இந்தப் பொண்ணு சொல்றது உண்மைன்னு தோணுது மேடம். ஆனா தோணுறதை வெச்சு ஒரு டீ கூட வாங்க முடியாது."

முற்பகல். மருந்துக்கடை.

கடைக்காரர் அவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சுத்தமான கடை. மாத்திரை அட்டைகள் எழுத்து வரிசைப்படி நின்றன. டீச்சருக்குக் கொடுத்த அதே தயாரிப்புத் தொகுதி மாத்திரைகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவை போலி அல்ல, முழு வீரியத்துடன் இருக்கின்றன என்று அன்று காலைதான் முடிவு வந்திருந்தது. ஆய்வாளர் அதைச் சொன்னார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் கடைக்காரர். "என் மச்சினிக்கு நானே போலி மாத்திரை குடுப்பேனா? பிரிக்காத அட்டையை அவ கையிலயே குடுத்தேன். அந்த நர்ஸைப் பிடிங்க."

ஆய்வாளர் கடை உரிமத்தைக் கேட்டார். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து தேடினார். உள்ளே ஒரு சீப்பு, நகவெட்டி, கண்ணாடிக் கூடு. அடியில் அதே மாத்திரையின் அட்டை ஒன்று, பாதி தீர்ந்தது.

"இது?"

"கஸ்டமர் ஒருத்தர் திருப்பிக் குடுத்தது."

"பாதி அட்டையைத் திருப்பி வாங்குவீங்களா?"

"பழக்கமானவர்." இழுப்பறை மூடிக்கொண்டது.

காலாவதியான மருந்துகளை எங்கே வைத்திருக்கிறார் என்று ஆய்வாளர் கேட்டார். வழக்கமான கேள்விதான். கடையில் இடமில்லை, வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது, கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவதற்காக மனைவிதான் பிரித்துக் கட்டுவாள் என்று அவர் சொன்னார். வீட்டுச் சாவியையும் தயங்காமல் கொடுத்தார்.

"மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டி குடுத்து வெச்சவங்க" என்றார் ஏட்டு. "தலைவலின்னா கடைக்குப் போக வேண்டாம்."

"போகவே முடியாது" என்றார் ஆய்வாளர். "இந்தத் தெருவுல எல்லாக் கடைக்காரரும் இவருக்குத் தெரிஞ்சவங்க."

நண்பகல். கண் வார்டு.

டீச்சர் தலையணையில் சாய்ந்திருந்தாள். வலது கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். இடது கண்ணுக்கும் பரவாமலிருக்க மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். அதைச் செய்வது அக்கா. கையைக் கழுவி, தங்கையின் தாடையை இரண்டு விரலால் உயர்த்தி, ஒரே ஒரு சொட்டு விட்டாள். அது கன்னத்தில் வழியவில்லை.

"அட்டை பிரிக்காமத்தான் இருந்துச்சு" என்றாள் டீச்சர். "முதல் நாள் நானே போட்டுக்கிட்டேன். லேசருக்கப்புறம் வாயைப் பெருசாத் திறக்க முடியலை. அக்கா பொடி பண்ணி, தண்ணியில கரைச்சு ஸ்பூன்ல ஊட்டினா."

"ருசி எப்படி இருந்துச்சு?"

"மூக்குலேர்ந்து மோவாய் வரைக்கும் களிம்பு மேடம். எது சாப்பிட்டாலும் களிம்புதான்."

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்ச தண்ணிக்கு வயித்துக்குள்ள மீன் வளத்திருக்கலாம்."

ஏட்டு சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தொண்டையைச் செருமினார்.

"ஒரு வேளைகூட அக்கா தவறவிடலை" என்று டீச்சர் தொடர்ந்தாள். "அந்த வாரம் அவளுக்கே நல்ல காய்ச்சல். உக்காரக்கூட முடியலை. நின்னுக்கிட்டேதான் ஊட்டுவா."

அக்கா போர்வையைச் சரிசெய்தாள். "என் காய்ச்சல் கிடக்கட்டும். இவ பட்டதை நினைச்சாத்தான் ஆறலைங்க. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அப்புறம் நெருப்பைக் கொட்டின மாதிரி எரியும். அது முகம் முழுக்கன்னா எப்படி இருந்திருக்கும்?"

"எனக்கு எறும்பெல்லாம் ஊராதுக்கா. காலையில எந்திரிச்சா உதட்டுல வந்து உக்காந்திருக்கும், சொல்லாம வந்த விருந்தாளி மாதிரி."

அக்கா தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆய்வாளர் அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல். வீடு.

பெட்டி படுக்கையறை அலமாரியின் மேல் இருந்தது. ஏட்டு இறக்கிக் கொடுத்தார். காலாவதியான மாத்திரை அட்டைகள் வகைவகையாகப் பிரிக்கப்பட்டு, ரப்பர் பட்டை போட்டு அடுக்கப்பட்டிருந்தன. பொறுமையான கை. ஆய்வாளர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்தார். இருமல் மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, வாயு மாத்திரை. பி வைட்டமின் கட்டின் வெளிப்புற அட்டைகள் முழுதாக இருந்தன. நடுவில் செருகியிருந்த அட்டைகளில் குமிழ்கள் அமுங்கிக் காலியாகக் கிடந்தன.

"காலாவதியான சத்து மாத்திரையைப் போய் யாரு மேடம் திருடித் தின்பா?"

"தின்னவங்களுக்கே தெரியாது" என்றார் ஆய்வாளர்.

அவர் அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரே கட்டில், ஒரே கண்ணாடி, கொடியில் தனித்தனியாக இரண்டு துண்டுகள். பிறகு எழுந்து, கடைக்காரரைக் கண் மருத்துவமனைக்கு வரச் சொல்லும்படி ஏட்டிடம் சொன்னார்.

மாலை. கண் வார்டின் தாழ்வாரம்.

கடைக்காரர் வருவதற்கு முன் ஆய்வாளர் அக்காவைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப்போனார். அங்கே துவைத்த படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். ஏட்டு எட்ட நின்றார்.

"மாத்திரையை மாத்தினது நீங்க."

அக்கா சுவரைப் பார்த்தாள்.

"நாங்க எல்லாரும் உள்ளே போன விஷம் எதுன்னு தேடினோம். எதுவும் உள்ளே போகலை. போக வேண்டியது போகாம இருந்துச்சு, அவ்வளவுதான்." ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. "உங்க தங்கச்சி குடம் குடமா தண்ணி குடிச்சிருக்காங்க. குடிச்சும் யூரின் மஞ்சளா போயிருக்கு. அந்த நர்ஸ் அதைக் கேட்டும் பிடிபடலை. தண்ணி பத்தலைன்னு நினைச்சுட்டா. டாக்டர் எழுதின மாத்திரை அப்படி மஞ்சளாக்காது. பி வைட்டமின் ஆக்கும். எவ்வளவு தண்ணி குடிச்சாலும் ஆக்கும். உங்க வீட்டுப் பெட்டியில பி வைட்டமின் அட்டை நடுவுல காலியா இருக்கு."

"நர்ஸை விட்டுடுவாங்களா?"

"விட்டுடுவாங்க."

அக்கா தலையசைத்தாள். "அது போதும்."

"எனக்குப் போதாது. எடுத்த மாத்திரையை வீசலையே நீங்க. அந்த வாரம் காய்ச்சல், உக்கார முடியலை. எறும்பு ஊர்றது உங்க தங்கச்சிக்கு இல்லை. உங்களுக்கு."

அதற்குப் பிறகு அவள் சொன்னாள். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். முதலில் காய்ச்சல் வந்தது. பிறகு, சொல்ல முடியாத இடத்தில் கொப்புளங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். கணவரிடம் சொன்னாள். சூடு, தண்ணீர் குடி என்றார். மறுநாள் அவருடைய சட்டையைத் துவைக்கும்போது பையில் மாத்திரைகள் இருந்தன. தங்கைக்கு எழுதிக் கொடுத்த அதே மாத்திரை. அப்போதுதான் தனக்கு வந்திருப்பது என்ன என்றும், அது யாரிடமிருந்து வந்தது என்றும் அவளுக்குப் புரிந்தது. அதை எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அப்படியே திரும்பப் பையில் வைத்தாள்.

"தங்கச்சிகிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா, எதுக்குன்னு கேப்பா."

"டாக்டர்கிட்ட?"

"எனக்கு ஊசி போடறதுன்னாக்கூட இவர் கடையில சீட்டு எழுதி வாங்கிட்டுத்தான் போகணும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். ஈரம் எதுவும் இல்லை. "சும்மா பாதுகாப்புக்குன்னுதானே சொன்னாங்க. அவளுக்கு வரலாம், வராமலும் போகலாம்னு நினைச்சேன். எனக்கு வந்துடுச்சே. என்னால நிக்க முடியலைங்க."

கடைக்காரர் வந்தார். ஆய்வாளர் அவரிடம் சுருக்கமாகச் சொன்னார். மாத்திரையை மாற்றியது அவர் மனைவி. மாற்றியது தானே சாப்பிடுவதற்காக.

கடைக்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. ஏட்டைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல அந்த வியாதி கிடையாது சார். எனக்கு இல்லை. இவ எங்கே போய் வாங்கிட்டு வந்தாளோ, எனக்கென்ன தெரியும்?"

"உங்க டிராயர்ல பாதி அட்டை இருந்துச்சு" என்றார் ஆய்வாளர்.

"அதான் சொன்னேனே, கஸ்டமரோடது. பேரைச் சொல்ல முடியாது. தொழில்னு ஒரு தர்மம் இருக்கு."

ஏட்டு தரையைப் பார்த்தார்.

அக்கா தன் கணவரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம்கூட இல்லை. மூட்டைகளில் ஒன்று சரிந்திருந்தது. அதை நேராக நிமிர்த்தி வைத்தாள்.

வாக்குமூலத்தை வார்டு அலுவலக அறையில் எழுதினார்கள். ஏட்டு பேனாவைத் திறந்ததும், அறிக்கையில் அந்த வியாதியின் பெயர் வருமா என்று அக்கா கேட்டாள். வரும் என்றார் ஆய்வாளர்.

"அப்போ நான் வேற சொல்றேன். எழுதிக்குங்க." அவள் ஒரு பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள். "என் தங்கச்சி முகம் நல்லா ஆயிடும்னு எனக்குப் பொறாமை. அதனால மாத்திரையை மாத்திட்டேன். எடுத்ததைச் சாக்கடையில போட்டுட்டேன்."

"இது பொய்" என்றார் ஆய்வாளர். "தெரியாம பண்ணதுக்கும் வேணும்னு பண்ணதுக்கும் தண்டனை ஒண்ணு இல்லை. இதுல நீங்க ரொம்ப வருஷம் உள்ளே இருப்பீங்க."

"இருந்துக்கறேன். நான் சொல்றதைத்தானே நீங்க எழுதணும்?"

"ஒரு ரத்தப் பரிசோதனை போதும். உங்களுக்கும் அவருக்கும் எடுத்துட்டா…"

"எனக்கு வரும். அவர் குடுக்க மாட்டார். அப்புறம் ஊரு என்ன பேசும்னு நான் சொல்லணுமா? பொறாமைன்னா ரெண்டு நாள் பேசுவாங்க. இதை நான் செத்தாலும் பேசுவாங்க." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவகிட்டயும் இதையே சொல்லுங்க. அவ இனிமேலும் மாமா மாமான்னு அவர் வீட்டுலதான் இருந்தாகணும். வேற எங்கே போவா?"

ஏட்டு ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் ஜன்னலைப் பார்த்தார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. அக்கா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

கடைக்காரர் மேல் போட ஒரு பிரிவும் இல்லை. உரிமம் சரியாக இருந்தது. மாத்திரை நல்ல மாத்திரை. மாலை வியாபார நேரம் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். நர்ஸுக்கு ஆய்வாளர் போன் செய்து, கைது இல்லை என்றார். மறுமுனையில் சாமான்களை வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது. வீட்டை ஏற்கெனவே காலி செய்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள். நன்றி என்றும் சொன்னாள்.

வார்டில் டீச்சர் இடது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"அக்காவா? மருந்து நேரம் தாண்டிடுச்சே."

ஆய்வாளர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா கையெழுத்துப் போட்டதை அப்படியே சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எதிர்க் கட்டிலில் யாரோ ஒருவர் தன் மகனிடம் சாப்பாட்டைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டிருந்தார்.

"பொறாமையா?" என்றாள் டீச்சர். "என் மேலயா?"

டீச்சரின் கை போர்வைக்கு வெளியே வந்து, முகத்தருகே போய், தொடாமல் நின்றது.

"அவ தினமும் துடைச்சு விட்டாளே, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். "அப்போ, நல்லா ஆகிக்கிட்டு இருந்திருக்கு. இல்லைங்களா மேடம்?"

"ஆமா" என்றார் ஆய்வாளர்.